கட்சி பேசினால் காது ஏன் சிவக்கிறது?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு அதிகாலையில் நீங்கள் சென்றதுண்டா? காவிரியில் நீராடுவோர், திதி கொடுப்போர், பூ விற்போர் ஆகியோருக்கு இடையே, நடைப் பயிற்சியை முடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து பேசும் முதியவர்கள் சிலரையும் அங்கே காணலாம். அவர்களில் இருவர் எனக்கு நன்கு பழக்கமானவர்கள். ஒருவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இருபது ஆண்டுகளாக ஒன்றாக நடந்து, ஒன்றாகவே காப்பி குடித்தவர்கள். 2024ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு நாள் முதல் ஒருவர் படித்துறையின் இந்தக் கோடியிலும் மற்றவர் அந்தக் கோடியிலும் உட்காரத் தொடங்கினார்கள்.

என்ன காரணம்? கைமாற்றுப் பணமா? வீட்டுச் சுவர்த் தகராறா? இரண்டும் இல்லை. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்!

சிரித்துவிடாதீர்கள். பணிமனைக்காரரின் மகன் டெக்சாஸில் வேலை செய்கிறார். ஆசிரியரின் மகள் நியூஜெர்சியில் குடியிருக்கிறார். தகப்பனார்களும் இங்கிருந்தபடியே ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்! கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாருக்குச் சொந்த ஊர் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம். அவர் வெற்றி பெற வேண்டுமென்று 2020இலும் 2024இலும் அவ்வூர்க் கோயிலில் சிறப்புப் பூசை நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். "நம்ம காவிரித் தண்ணி குடிச்ச குடும்பம் சார்" என்றார் ஆசிரியர். "அதுக்காக நாட்டையே தூக்கிக் கொடுத்துடுவாங்களா வாத்தியாரே?" என்றார் மற்றவர். டிரம்ப்பின் பெயர் வந்தது. குரல் உயர்ந்தது. பூக்காரப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குப் பாடம் நடத்தி என்ன பிரயோசனம்!" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவ்வளவுதான். இருபது ஆண்டு நட்பு.

இருவருக்கும் அமெரிக்காவில் வாக்குரிமை கிடையாது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அங்கே எவர் ஜெயித்தாலும் ஸ்ரீரங்கத்தில் குழாய்த் தண்ணீர் வரும் நேரம் மாறப் போவதில்லை. குடியேற்றச் சட்டம் மாறினால் பிள்ளைகளுக்குத் தொல்லை வரும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கவலை இருவருக்கும் பொதுவானது. அது அவர்களைச் சேர்த்து வைத்திருக்க வேண்டுமே தவிரப் பிரித்திருக்கக் கூடாது. அப்படியானால் சண்டை எதைப் பற்றியது? சென்ற எழுபது ஆண்டுகளாக உளவியலார் இந்தக் கேள்வியைத் துருவித் துருவி ஆராய்ந்து வந்திருக்கிறார்கள்.

ஒன்றுமில்லாததற்கும் ஒரு கட்சி

ஹென்றி தாஜ்ஃபெல் என்பவர் போலந்து நாட்டில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் பிடிபட்டுப் போர்க்கைதியாக இருந்தார். விடுதலையாகித் திரும்பியபோது அவருடைய குடும்பத்தார் நாஜிகளால் கொல்லப்பட்டிருந்தனர். 'நாம்', 'அவர்கள்' என்று மனிதர்கள் பிரிவதற்குக் குறைந்த அளவு என்ன தேவை என்ற வினா அத்தகைய ஒருவரின் மனத்தில் எழுந்ததில் வியப்பில்லை.

பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பேராசிரியராக இருந்தபோது, 14, 15 வயதுப் பள்ளிச் சிறுவர்களை வைத்து அவர் ஒரு பரிசோதனை செய்தார். அதன் முடிவுகள் 1970இல் வெளியாயின. சிறுவர்களுக்கு ஓவியங்களைக் காட்டி, "உனக்குக் க்ளீ என்ற ஓவியரின் படங்கள் பிடிக்கின்றன, நீ இந்தக் குழு", "உனக்குக் காண்டின்ஸ்கியின் படங்கள் பிடிக்கின்றன, நீ அந்தக் குழு" என்று சொன்னார்கள். உண்மையில் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான் பிரித்தார்கள். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது எந்தச் சிறுவனுக்கும் தெரியாது. குழுவினர் ஒருவரோடு ஒருவர் பேசவும் இல்லை. பழைய பகையும் கிடையாது.

பிறகு ஒவ்வொருவனையும் தனியறையில் உட்கார வைத்து, முகம் தெரியாத இரண்டு பேருக்குச் சிறு தொகையைப் பங்கிடச் சொன்னார்கள். பங்கிடும் விதங்கள் ஒரு பட்டியலாகத் தரப்பட்டன. பட்டியலின் ஒரு கோடியில் 'நம் குழுவினனுக்கு 19, அந்தக் குழுவினனுக்கு 25'. நடுவில் 'இருவருக்கும் 13'. மறு கோடியில் 'நம்மவனுக்கு 7, அவனுக்கு 1'.

நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்? நம்மவனுக்கு அதிகம் கிடைப்பது 19 என்ற கோடியில்தான். ஆனால் பல சிறுவர்கள் எதிர்க்கோடியின் பக்கம் சாய்ந்தார்கள்! நம்மவனுக்கு 12 காசு குறைந்தாலும் பரவாயில்லை, அவனைவிட நாம் மேலே இருக்க வேண்டும். ஓவியரின் பெயர் ஒன்றே இதற்குப் போதுமானதாக இருந்தது.

இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தெருக்கோடித் தேநீர்க் கடை நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் திருச்சியில் எம்.ஜி.ஆர். ரசிகரும் சிவாஜி ரசிகரும் படம் வெளியாகும் நாளில் மோதிக்கொண்டதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்பதைவிட, 'அவர்' படத்தைவிட 'நம்' படம் ஒரு நாளாவது கூடுதலாக ஓடிற்றா என்பதே அவர்களுக்கு முக்கியம்.

கண்ணே கட்சி கட்டும்

'சரி, எண்ணிக்கையிலும் பங்கீட்டிலும்தான் மனம் சாயும். கண்ணால் பார்த்த நிகழ்ச்சியில் சாயாதே' என்று நீங்கள் நினைக்கலாம். அதையும் சோதித்திருக்கிறார்கள். 1951 நவம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரு கல்லூரிகளுக்கிடையே ஒரு கால்பந்துப் போட்டி முரட்டுத்தனமாக நடந்தது. அந்நாட்டுக் கால்பந்தே முரடானது. அன்று ஒரு பக்கத்து வீரருக்கு மூக்கும் மறுபக்கத்து வீரருக்குக் காலும் உடைந்தன. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் அப்போட்டியின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் திரையிட்டு, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணியினர் செய்த தவறுகளாக அக்கல்லூரி மாணவர்கள் எண்ணியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். ஒரே படச்சுருள். ஒரே நிகழ்ச்சி. எவரும் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே உள்ள முக்கொம்புக்குப் போனால் போதும். காவிரி அங்கேதான் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகிறது. ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1836இல் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி வழிந்து கொள்ளிடத்தில் பெருவெள்ளம் ஓடியது. அம்மாதம் ஸ்ரீரங்கத்தை ஒட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதைத் தொடர்ந்து ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு மேலணையின் மதகுகள் இடிந்து வெள்ளத்தோடு போயின; மொத்தம் ஒன்பது.

மறுநாளே திருச்சியில் இரண்டு கட்சியாகப் பேச்சு நடந்தது. 'ஆற்றில் அளவின்றி மணல் அள்ளியதே காரணம்' என்றது எதிர்க்கட்சித் தரப்பு. '182 ஆண்டுப் பழைய கட்டுமானம். வயதாகிவிட்டது' என்றது ஆளுங்கட்சித் தரப்பு. காந்தி மார்க்கெட்டிலும் சத்திரம் பேருந்து நிலையத்திலும் இதே வாதம்தான். எவர் எந்தக் காரணத்தைச் சொல்வார் என்பதை அவர் சட்டைப் பையில் இருந்த தலைவர் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்போது கட்சியை மறந்துவிட்டுப் பொறியியல் கண்ணோடு பாருங்கள். அணைக்குக் கீழ்ப்புறத்தில் ஆற்றுப் படுகை தாழ்ந்தால், மதகைத் தாண்டி வரும் நீர் முன்னைவிட உயரத்திலிருந்து விழும். விழும் நீரின் வேகம் கூடும். அது அடித்தளத்தின் கீழுள்ள மணலைக் குடைந்து அரிக்கும். பழைய கட்டுமானமோ சுண்ணாம்புக் காரையால் ஆனது. காலப்போக்கில் அதன் பிடிப்புக் குறையும். பெருவெள்ளம் இவ்விரண்டு பலவீனங்களையும் ஒரே நேரத்தில் சோதிக்கும். ஆக, மணலும் வயதும் ஒன்றையொன்று விலக்கும் காரணங்களே அல்ல! இரண்டும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு பங்கு என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கு விடை ஆற்றின் படுகை மட்டத்தை அளந்த ஏடுகளில் இருக்குமே தவிர மேடையில் இருக்காது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் தேநீர்க் கடையில் சந்திக்கவில்லை. 'இதுவா, அதுவா' என்று கேட்டால்தான் கட்சி கட்ட முடியும். 'இது எவ்வளவு, அது எவ்வளவு' என்று கேட்டால் கட்சியே கலைந்துவிடுமே!

ஆதாரத்தைக் காட்டினால் மாற மாட்டார்களா என்று கேட்கிறீர்களா? 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 48 மாணவர்களை அழைத்தார்கள். பாதிப்பேர் மரண தண்டனையை ஆதரிப்பவர்கள், பாதிப்பேர் எதிர்ப்பவர்கள். மரண தண்டனையால் குற்றம் குறைகிறது என்று கூறும் ஆய்வு ஒன்று, குறையவில்லை என்று கூறும் ஆய்வு ஒன்று, இரண்டையும் அனைவருக்கும் கொடுத்தார்கள். இரு பக்கமும் சமமான ஆதாரம் அல்லவா? இருவரும் நடுவே வந்து நின்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. தமக்கு ஏற்ற ஆய்வைச் செவ்வையானது என்றும், ஏற்காததை ஓட்டை உடைசல் என்றும் இரு சாராரும் மதிப்பிட்டார்கள். படித்து முடித்தபின் 'என் பழைய கருத்து இன்னும் உறுதிப்பட்டுவிட்டது' என்றும் இரு சாராருமே சொன்னார்கள்.

காதுக்கு வருவோம்

வாதம் சூடேறும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது? பாம்பைக் கண்டால் என்ன நடக்குமோ ஏறக்குறைய அதுவே நடக்கிறது. மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பு வடிவில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சிறு உறுப்புகள் உண்டு. ஆபத்தை மோப்பம் பிடிப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. இவை விழித்துக்கொண்டால், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குச் செய்தி போகிறது. அட்ரீனலின் இரத்தத்தில் கலக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலெழுகிறது. முகத்திலும் காது மடலிலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சிவக்கிறது. இவ்வளவும் எதிரியோடு போரிடவோ ஓடவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. பொறுமையாக யோசிப்பதற்கான ஏற்பாடு அன்று.

ஆனால் எதிரே இருப்பவர் பாம்பல்ல, காப்பி வாங்கிக் கொடுத்த நண்பர்! அவர் சொன்னதும் ஒரு கருத்துத்தானே? 2016இல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வு இதற்கு ஓரளவு விளக்கம் தருகிறது. அழுத்தமான அரசியல் நம்பிக்கையுடைய 40 பேரின் மூளையை, அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காந்த அலைக் கருவியால் படம் பிடித்தார்கள். மின் விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்பது போன்ற பொதுவான நம்பிக்கைக்கு எதிராகச் சான்று காட்டியபோது அவர்கள் சற்று இளகினார்கள். அரசியல் நம்பிக்கைக்கு எதிராகச் சான்று காட்டியபோதோ மிகக் குறைவாகவே இளகினார்கள். அப்போது, 'நான் யார்' என்று தன்னைப் பற்றி எண்ணும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்படைந்திருந்தன. சற்றும் இளகாதவர்களிடம் மேலே சொன்ன வாதுமை உறுப்பும் மற்றவர்களைவிட அதிகமாக இயங்கியது. எடிசன் போனால் எடிசன் போகட்டும். கட்சி போனால் 'நான்' போய்விடுவேனே என்ற அச்சம் போலும்!

ஆக, படித்துறையில் அன்று அடிபட்டது அமெரிக்கா அன்று. ஒருவருக்கு டெக்சாஸ் மகனின் தகப்பன் என்ற பெருமை. மற்றவருக்கு நியூஜெர்சி மகளின் தகப்பன், காவிரிக்கரைக்காரர் என்ற பெருமை.

அமெரிக்காவிலேயே இந்த நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 'உங்கள் மகனோ மகளோ எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருந்துவீர்களா?' என்று 1960இல் கேட்டபோது, இரு கட்சியிலும் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான் ஆம் என்றார்கள். 2010இல் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப்பேரும், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் ஆம் என்றார்கள். சம்பந்தம் பேசும்போது சாதி பார்க்கும் நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள், இப்போது கட்சி பார்க்கிறார்கள்!

விஞ்ஞானிகள் விதிவிலக்கா?

இல்லை. இதற்கும் உள்ளூர் உதாரணமே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7ஆம் தேதி பிறந்தவர் சர் சி. வி. ராமன். நோபல் பரிசு பெற்றபின் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்த மாக்ஸ் பார்ன் என்ற பெரும் இயற்பியலாரை 1935இல் அவரே அங்கு வரவழைத்தார். சில ஆண்டுகள் கழித்து இவ்விருவருக்கும் இடையே கடும் சர்ச்சை மூண்டது. ஒரு படிகத்துக்குள் அணுக்கள் எவ்வாறு அதிர்கின்றன என்பதே பொருள். வைரம் போன்ற படிகத்தின் அதிர்வுகள் குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் மட்டுமே அமையும் என்றார் ராமன். அவை இடைவெளியின்றித் தொடர்ந்து பரவிக் கிடக்கும் என்பது பார்ன் கோட்பாடு. ராமனின் மாணவர்கள் ஒரு பக்கம், பார்னின் ஆதரவாளர்கள் மறுபக்கம் என்று இங்கும் இரண்டு அணிகள் உருவாயின. கட்டுரைகளில் காரம் ஏறியது.

முடிவு என்னவாயிற்று? 1950களில், அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களைப் படிகத்தின்மேல் செலுத்தி அதிர்வுகளை நேராக அளக்கும் முறை வந்தது. கனடாவில் பிராக்ஹவுஸ் என்பவர் இம்முறையை வளர்த்தெடுத்தார். அளவீடுகள் பார்ன் பக்கமே சாய்ந்தன. ராமன் கடைசிவரை இதை ஏற்கவில்லை. இதனால் அவர் பெருமை ஒரு குன்றிமணியும் குறையாது என்பது என் கருத்து. ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விஞ்ஞானத்திலும் மனிதர்கள் கட்சி கட்டினார்கள். வாதம் தீர்ந்தது மட்டும் மனிதர்களால் அன்று, படிகத்தால். அரசியலில் அப்படி ஒரு படிகம் எளிதில் கிடைப்பதில்லை. முக்கொம்பில் ஆற்றுப் படுகையை அளந்திருந்தால் அது ஒரு படிகமாக இருந்திருக்கும்.

சூட்டைத் தணிக்க வழி ஏதும் உண்டா? ஒரு வழியை ஆராய்ந்திருக்கிறார்கள். 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர், 'ஜிப் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பூட்டு?' என்று கேட்டார்கள். பெரும்பாலோர் 'நன்றாகத் தெரியும்' என்றார்கள். 'அப்படியானால் படிப்படியாக எழுதிக் காட்டுங்கள்' என்றபோது பேனா நின்றுவிட்டது. தெரியும் என்ற எண்ணமும் சுருங்கியது. (நீங்களும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஜிப்பை விளக்கிப் பாருங்கள்!) 2013இல் வேறு சிலர் இதை அரசியலில் சோதித்தார்கள். ஒரு திட்டத்தை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று காரணம் கேட்டபோது பிடிவாதம் தளரவில்லை. அத்திட்டம் எவ்வாறு வேலை செய்யும் என்று படிப்படியாக விளக்கச் சொன்னபோது வீம்பு சற்றுத் தணிந்தது. பிறகு நடந்த எல்லாச் சோதனைகளிலும் இதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படித்துறையில் இது தானாகவே நடந்தது. 2025 பொங்கல் கழிந்து ஒரு காலையில், இருவருக்கும் நடுப்படியில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவன் ஒருவன் அவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்டான். 2016இல் ஹிலாரி கிளின்டன் டிரம்ப்பைவிட ஏறத்தாழ 29 லட்சம் வாக்கு அதிகம் பெற்றும் தோற்றாரே, அது எப்படி? பணிமனைக்காரர் தொடங்கினார்: மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லை, 538 தேர்வாளர்கள் உண்டு, 270 பேரைப் பெறுபவர் வெற்றி பெறுவார். ஒரு மாநிலத்தில் ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் அவருக்கே. "எல்லா மாநிலத்திலுமா தாத்தா?" என்றான் பையன். "ஆமாம்" என்றார் அவர். மறுகோடியிலிருந்து ஆசிரியரின் குரல் வந்தது: "ரெண்டு மாநிலம் விலக்கு சார். மெய்ன் ஒண்ணு. இன்னொண்ணு..."

இன்னொன்றின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பணிமனைக்காரருக்கும் தெரியவில்லை. டெக்சாஸ் மகனுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டார்கள். அங்கே இரவு, மகனும் சற்று யோசித்துவிட்டு, "பார்த்துட்டுச் சொல்றேன்பா" என்றான். நெப்ராஸ்கா என்று அவன் திரும்ப அழைத்துச் சொல்வதற்குள் இருவரும் காப்பிக் கடைக்குப் போய்விட்டிருந்தார்கள்.